கரை தாண்டினால் வரி திரும்பும்

கிண்டி

அன்புள்ள மகளுக்கு,

கிண்டிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது கத்திப்பாராவிலிருந்து தாம்பரம் பக்கம் ஓடும் சாலைதான். சிங்கப்பூரில் அது 1994 முதலே வரி. தொடங்கியபோது 3 சதவீதம்; 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். அப்பா அம்மாவோடு நீ அங்கே போகிறாய், நடுவில் நாலு நாள் குரூஸும் உண்டு என்று கேட்டதுமே சித்தப்பாவுக்கு இதை எழுதத் தோன்றியது.

சுற்றுலாப் பயணி அங்கே கட்டிய வரியை ஊர் திரும்பும்போது கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியும். கப்பலில் போகிறவர்களுக்கு விதி வேறு என்பதுதான் தெரிவதில்லை.

வரி, பொருளை அந்த நாட்டுக்குள் பயன்படுத்துவதற்காக. பொருள் நாட்டை விட்டே போய்விட்டால் வரியைத் திருப்பித் தருவது நியாயம். எல்லா நிபந்தனைகளும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவைதான். ஹோட்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிய வரி திரும்பாது, அவை அங்கேயே தீர்ந்துவிட்டன. கேமராவுக்கும் கைக்கடிகாரத்துக்கும் திரும்பும்.

கப்பலில் கிளம்புகிறவர்களுக்கு 2013 முதல் இந்த வசதி இருந்தது; 2020-இல் நிறுத்திவிட்டார்கள். மரீனா பே குரூஸ் சென்டர், ஹார்பர்ஃபிரண்டில் உள்ள பயணிகள் முனையம் ஆகிய இரண்டு இடங்களில் கேட்க முடிந்தது. ஆனால் அப்போதும் எந்தக் கப்பல் என்பதில்தான் விஷயமே இருந்தது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் ஃபூக்கெட்டும் பார்த்துவிட்டு, சிங்கப்பூரிலேயே வந்து இறங்கும் பயணம் கணக்கில் வரவில்லை. எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டு வருவதும் வரவில்லை. பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெர்ரியும் வரவில்லை. ஜோகூர் பாருவுக்குப் பஸ் ஏறினாலும் கிடையாது. வேறொரு நாட்டில் இறங்கி அப்படியே போய்விடுகிற கப்பல் பயணிக்குத்தான் அங்கே வரி திரும்பியது.

நம்மூர் டூர் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இருப்பது போய்த் திரும்பும் குரூஸ்தான். உன்னுடையதும் அதுவே. அதனால் ஷாப்பிங்கைக் கப்பலிலிருந்து இறங்கிய பிறகு வைத்துக்கொள். சென்னைக்கு விமானம் ஏறும் நாளில் சாங்கி விமான நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். வாங்கிய இரண்டு மாதத்துக்குள் பொருளோடு கிளம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முஸ்தபா கடையிலோ வேறு எங்கோ, காசு கொடுக்கும்போதே அசல் பாஸ்போர்ட்டைக் காட்டு. ஜெராக்ஸோ செல்போன் படமோ செல்லாது. பில் 100 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பில்கள் வரை சேர்த்துக் காட்டலாம். 545 வெள்ளிக்குக் கேமரா வாங்கினால் அதற்குள் இருக்கும் வரி 45 வெள்ளி. விலையில் 9 சதவீதம் போட்டு 49 என்று எதிர்பார்க்காதே. வரி சேர்ந்த தொகைதான் 545. அந்த 45-லும் சேவைக் கட்டணம் கொஞ்சம் பிடிப்பார்கள்.

விமான நிலையத்தில் வரிசை முக்கியம். தானியங்கி எந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்ததும் நீ வாங்கியவை திரையில் வரும். சரிபார்த்து ஒப்புக்கொண்டால் ஒரு சீட்டு வெளியே வரும். சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டச் சொல்லி அதில் வரலாம். பெட்டி ஏற்கெனவே பெல்ட்டில் போய்விட்டதென்றால் எதைக் காட்டுவது? செக்-இன் பெட்டியில் வைக்கிற பொருளாக இருந்தால், பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடு. பில்களைத் தனி உறையில் போட்டு வை. அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

இன்னொன்று, கண்ணு. அங்கே குடியிருக்கும் சொந்தக்காரர் யாராவது, “உன் பாஸ்போர்ட்டைக் கொடும்மா, என் நகையை அதில் போட்டுக்கொள்கிறேன்” என்று கேட்கலாம். பாசமாகத்தான் கேட்பார்கள், மறுப்பது சங்கடம்தான். ஆனாலும் மறுத்துவிடு. வாங்கியவர் நீயாக இருக்க வேண்டும், பொருள் உன்னோடு வெளியேற வேண்டும். குடியுரிமை உள்ளவருக்கும் நிரந்தரவாசிக்கும் இந்தச் சலுகையே கிடையாது. பொய்யாகக் கேட்பது அங்கே குற்றம், மாட்டுவது நீதான்.

அங்கே வரி திரும்பியதால் இங்கே சுங்கம் விட்டுவிடும் என்றில்லை. மீனம்பாக்கத்தில் நம் நாட்டு விதி. நகைக்கான வரிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். பத்து நாள் போய் வருகிறவர்களுக்கு இல்லை.

பாட்டி காலத்தில் சிங்கப்பூர் ஜி.எஸ்.டி. பற்றிய கவலை எதுவும் கிடையாது. ‘ரஜுலா’வும் பிறகு ‘சிதம்பரம்’ கப்பலும் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பர’த்தில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றது. தகரப் பெட்டியோடு அந்தக் கப்பல்களில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருக்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: ஆறு மாதத்துக்கு மிகாமல் தங்கிப் போகும் வெளிநாட்டுப் பயணிக்கு, அவர் கொண்டுபோகும் பொருளின் வரியைத் திருப்பித் தரலாம். பல ஆண்டுகள் ஆகியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவராதது சித்தப்பாவுக்குப் பெரிய வருத்தம். தி. நகரில் பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும் வெளிநாட்டுப் பெண்மணிக்கு, பாஸ்போர்ட்டை வைத்துப் பார்க்க இங்கே ஒரு எந்திரம் இல்லை.

அன்புடன்,
சித்தப்பா