மூளைத் திரளையும் அறிவின் அடையாளமும்

மேனாட்டு ஆய்வுக்கூடங்களில் மக்கள் மூளையின் கூறு கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்படுகின்றது என்னுஞ் செய்தியைக் கேட்ட அன்பர் சிலர், 'அங்ஙனமாயின் உயிரும் கலத்திற் பிறந்ததாமோ?' என வினவுப. வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முதற்கண் செய்தியை உள்ளவாறு அறிந்து, பின்னர் ஆராய்வாம்.

சப்பானிய அறிஞர் யாமனாக்கா என்பார், முதிர்ந்த உடலணுவை எவ்வுறுப்பின் அணுவாகவும் மாறவல்ல குருத்தணுவாக்கும் முறையை 2006இல் சுண்டெலியின் அணுவிலும், 2007இல் மக்கள் அணுவிலும் காட்டினார். 2013இல் வியன்னா நகரில் இலங்காஸ்டர், நோப்லிக் முதலியோர் அத்தகைய அணுக்களைத் திரட்டிக் கூழ்போன்ற பொருளிற் பொதிந்து, சுழலும் நீர்மத்தில் வளர்த்து, மூளையின் தொடக்கவமைப்பை ஒத்த திரளையைப் பெற்றனர். இதனை ஆர்கனாய்டு என்ப. அளவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். ஒரு பயற்றின் அளவே. குருதிக்குழாய் இன்மையின், பெருக்குந்தோறும் நடுவணுள்ள அணுக்கள் ஊட்டம் எட்டாது மாயும். எனினும் பயன் சிறிதன்று. தலை சிறுத்துப் பிறந்த ஒருவரின் தோலணுவினின்று வளர்த்த திரளையில், மூலவணுக்கள் பெருகுமுன்னரே நரம்பணுக்களாக மாறிவிடுதலை அவர்கள் கண்டனர். கருவிலிருக்கும் மகவின் மூளையைத் திறந்து இதனைக் காண்டல் யார்க்கும் இயலாதன்றே.

2019இல் கலிபோர்னியாவில் மூவோத்திரி என்பாரின் குழுவினர், பல திங்கள் வளர்ந்த திரளைகளில் மின்னலைகள் எழுதலையும், அவை குறைமாத மகவின் மூளையலைகளைச் சிலவாற்றான் ஒத்தலையும் கண்டனர். ஐயம் எழுந்தது இவ்விடத்தேதான்.

அலையுண்மையின் அறிவுண்டு எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. ஆழ்துயிலிலும், மயக்கமருந்தின் வயப்பட்டார் மூளையிலும் அலைகள் பெரியனவாகவே எழுகின்றன. சாக்கிரத்தும் சுழுத்தியினும் ஒப்ப நிற்கும் அலை, அறிவைச் சாதித்தற்கு ஏதுவாகாது. அநைகாந்திகம் என்னும் போலியாம். இனி, உயிர் அநாதியென்பது நம் நூற்றுணிபாதலின், அது யாண்டும் பிறப்பதன்று. வினைக்கீடாக உடம்பொடு கூடுவதே. மூளை அதற்குக் கருவி. கருவியின் துணுக்கை வனைந்தார் கருத்தாவை வனைந்தாரல்லர்.

2022இல் ஸ்டான்போர்டிற் பாசுகா என்பாரின் குழுவினர் இத்திரளையை இளம் எலியின் மூளையிற் பொருத்த, அது எலியின் குருதியை ஏற்று வளர்ந்தது. எலியின் மீசைமயிரை அசைத்தவழி அம்மக்களணுக்களும் துலங்கின. ஈண்டு உணர்ந்தது யார்? எலியின் உயிரே என்க. கருவி மக்களுடையதாயினும் நுகர்வோன் ஒருவனே. கருவிக்குக் கருவி வேறு உயிர் கொள்வார்க்கு இவ்வெலி பெரிய இடுக்கணாம்.

அற்றேல், கலத்திலுள்ளது வெறுஞ் சதையேயென்று துணிந்து வேண்டியவாறெல்லாஞ் செய்யலாமோ எனின், அதுவும் பொருந்தாது. நம்மவர் சிலர் இங்ஙனம் விரைந்து கூறுவர். காணத்தக்க பொருள் காணப்படாதவழியே அனுபலத்தி இன்மையைச் சாதிக்கும். மேசைமேற் குடமின்மை அத்தகையது. உயிரோ கண்ணுக்குப் புலனாவதன்று. நோவை உரைக்க நாவும், விலக்கிக்கொள்ளக் கையும் இல்லாத திரளையிடத்து 'நோவு காணப்பட்டிலது' என்பது 'நோவில்லை' என்பதனோடு ஒவ்வாது. பயறளவினதாய், வாயில்களோடு இயைபின்றி நிற்கும் இன்றைய திரளையிற் போகநுகர்ச்சி உண்டெனக் கொள்ளற்கு யாம் ஏது காண்கிலேம். குருதிக்குழாயும் கண் முதலிய வாயிலும் பொருத்தி வளர்க்க முயல்வாரும் உளர்; அது கைகூடுமாயின், இல்லையெனச் சாதிக்கும் பொறுப்பு வளர்ப்பார்மேலதாம்.