‘பெரட்டு’ அச்சுப்பிழை இல்லை: தோட்டத்துச் சொற்களோடு ஒரு நாவல்



இந்த முறை வாசிப்புப் பாடத்துக்கு ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல். ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டத்து ஆட்களையும் போர்க் கைதிகளையும் வைத்துப் போட்ட தண்டவாளத்தின் கதை. சயாமில் பான் போங் தொடங்கி பர்மாவில் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். எஞ்சினியரிங் படிக்கிற எனக்கு அந்த வேகமே பயத்தைக் கொடுத்தது.

இந்த மாதிரி நாவல்களில் நம்மைத் தடுக்குவது கதை இல்லை, சொல். ஒரு தோட்டக் கதையில் ‘பெரட்டு’ என்று பார்த்தேன். ‘புரட்டு’ என்பதைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். கிள்ளானில் இருக்கும் பாட்டியிடம் சொன்னபோது சிரித்தார்.

“அது புரட்டு இல்லய்யா, பெரட்டு. விடியக்காலையில பேர் கூப்பிடுற எடம். எங்கப்பாவ அங்கேருந்துதான் லாரியில ஏத்துனாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. சயாமுக்குப் போனவரு, திரும்பல.”

நான் தாண்டிப் போனது ஒரு சொல்லை மட்டும் இல்லை, என் பூட்டனையும்தான். அதனால், படிக்கும் முன் இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரட்டு: ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து வாயில் இப்படி ஆனது. இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் நின்றால்தான் அன்றைக்கு வேலை.

சஞ்சிக் கூலி: மலாயில் ‘ஜன்ஜி’ என்றால் ஒப்பந்தம். ஒப்பந்தக் கூலிமுறையை 1910-இல் நிறுத்தினார்கள். அதன்பிறகு ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டி வந்தவர்கள் பெரும்பாலும் கங்காணிகள்.

கிராணி: தோட்டத்துக் கணக்கர். இன்றைக்கும் மலாயில் ‘கெரானி’ என்றுதானே சொல்கிறோம்!

லயம்: வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ‘லைன்’ என்பதுதான் இப்படி மாறியது.

காண்டா: இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு. நாசி கண்டார் சாப்பிடுகிறோமே, அந்தக் ‘கண்டார்’ இதுதான். இடும்பன் இரண்டு மலையைக் கட்டித் தூக்கியதும் இப்படித்தான். காவடியை நினைத்துப் பாருங்கள், சட்டென்று புரியும்.

வாழைமர நோட்டு: ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தது. மலாயில் ‘டூவிட் பீசாங்’. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதம்.

சயாம்: இன்றைய தாய்லாந்து. 1939-இலேயே பெயரை மாற்றியும் நம் ஆட்கள் வாயில் சயாம்தான் நின்றது. தோட்டத்தில் ‘சயாமுக்குப் போனவர்’ என்றால், அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்களாம்.

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. அங்கே செத்த நம் தமிழர்களுக்கு அப்படி வரிசையாகப் பெயர் எழுதிய கல் கிடையாது. அவர்களைப் பற்றி மிச்சம் இருப்பது பெரியவர்களின் நினைவும் இந்த மாதிரி நாவல்களும்தான். தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. சொற்களும் போய்விட்டால் நாவலைத் திறந்தும் பயன் இல்லை.

பயிற்சி: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு தோட்டத்துச் சொல்லைக் கேளுங்கள். சொல், பொருள், அவர் இருந்த தோட்டத்தின் பெயர், இந்த மூன்றையும் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். இந்த வாரமே கேட்டுவிடுங்கள். என் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது.