கல்லீரலுக்கும் உண்டு வடிகால்!

தமனி, சிரை இரண்டும் நமக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு குழாய் இருக்கிறதே, அது என்ன? நிணநீர்க் குழாய்! பாடப் புத்தகத்தில் இதற்குக் கொஞ்சம்தான் இடம். ஆனால் கோழிப்பண்ணைகள் நிறைந்த நம் நாமக்கல் பக்கம் இதைப் பற்றி அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

நிமிடத்துக்குச் சுமார் 1½ லிட்டர் ரத்தம் கல்லீரல் வழியாகப் போகிறது. அங்குள்ள நுண்குழாய்களின் சுவர் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதனால் புரதம் கலந்த நீர் வெளியே கசியும். கசிந்த நீரை நிணநீர்க் குழாய்கள் வாங்கி, மார்பு நாளம் வழியாகக் கழுத்துக்கு அருகில் மறுபடியும் ரத்தத்தில் சேர்த்துவிடும். நம் உடம்பின் நிணநீரில் கால் பங்கு முதல் பாதி வரை கல்லீரலில் இருந்தே வருகிறது!

கல்லீரல்தான் ரத்தத்தைத் தயாரிக்கிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1653-இல் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலின், இந்தக் குழாய்கள் கல்லீரலுக்கு உள்ளே எதையும் கொண்டு போவதில்லை, வெளியேதான் எடுத்து வருகின்றன என்று காட்டினார். அதோடு, பதவி இழந்த கல்லீரலுக்கு வேடிக்கையாகக் கல்லறை வாசகமும் எழுதினார்!

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். எங்கள் மாமா ராசிபுரம் பக்கம் கறிக்கோழி வளர்க்கிறார். மார்கழி பேட்ச் என்றாலே, "மாப்ளே, நல்லா கொழுத்த கோழியாப் பாத்துச் சாவுது. வயித்துல தண்ணி கோத்துக்குது" என்பார். கால்நடை மருத்துவர் ஒரு கோழியை அறுத்துக் காட்டியபோது நானும் பக்கத்தில் நின்றேன். வயிறு நிறைய மஞ்சள் நீர், நடுவே ஜெல்லி மாதிரி கட்டிகள். "இது குடிச்ச தண்ணி இல்ல தம்பி, கல்லீரல்ல இருந்து கசிஞ்சது. புரதம் இருக்கறதாலதான் உறையுது" என்றார்.

காரணம் என்ன? சுமார் 40 கிராம் குஞ்சு 40 நாளில் 2 கிலோ ஆகிறது. சதை வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடு கொடுப்பதில்லை. குளிரில் ஆக்சிஜன் இன்னும் அதிகம் தேவை. குளிருக்குப் பயந்து படுதாவை முழுதாக மூடினால் காற்றும் கெட்டுப் போகும். இதயத்தின் வலப்பக்கம் களைத்துவிடும். ரத்தம் பின்னால் கல்லீரலில் தேங்கும். கசிவு அதிகமாகி வடிகால் தாங்காமல் போகும். ஏரி நிரம்பினால் மதகு மட்டும் போதுமா? கரை வழிந்துவிடும் அல்லவா! அப்படித்தான் நீர் வயிற்றுக்குள் இறங்குகிறது.

மனிதருக்கும் இதே கதிதான். குடிப்பழக்கத்தாலோ ஹெபடைட்டிஸ் பி கிருமியாலோ கல்லீரல் தழும்பேறி இறுகினால் ரத்தம் தேங்கும், நிணநீர் பெருகும், வயிறு பானை போல வீங்கும். இதைத்தான் பெரியவர்கள் மகோதரம் என்பார்கள்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் சொல்லுங்கள்:

★ குளிர்காலத்திலும் படுதாவின் மேல்பக்கம் கொஞ்சம் திறந்திருக்கட்டும். சூட்டுக்குப் புரூடர் இருக்கிறது, காற்றுக்கு வேறு வழி இல்லை.

★ கோழி செத்தால் குழியில் போடும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

★ பிறந்த குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். தவறாமல் போடுங்கள்.

★ குடிக்கும் அப்பா, சித்தப்பா யாராவது இருந்தால் இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். கோழி போனால் அடுத்த பேட்ச் வரும். மனுஷன் போனால்?