நெட் இல்லாமல் வீடியோ பார்க்க

கேள்வி: ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். பேட்டர்ன் கட்டிங் கற்றுக்கொள்ள வீடியோக்களை டவுன்லோடு செய்து பழைய லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். சிலவற்றில் சத்தம் மட்டும்தான் வருகிறது. இலவசமாக எந்த மென்பொருள் நல்லது?
– வாசகி, ஆம்பூர்

பதில்: தயங்காமல் வி.எல்.சி. போடுங்கள். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. பாரிஸில் 1996-ல் மாணவர்கள் தொடங்கியது. 2001 முதல் கட்டற்ற மென்பொருள். படத்தைச் சுருக்கிய முறை உங்கள் பிளேயருக்குப் புரியாததால்தான் சத்தம் மட்டும் வருகிறது. இப்படிப்பட்ட முறைகளில் பெரும்பாலானவற்றை வி.எல்.சி. கூடவே கொண்டு வருகிறது.

தோலின் ஓரத்தைச் சீவும் கை எப்படித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டுமா? '[' விசையைச் சில முறை தட்டுங்கள், வேகம் குறையும். '=' தட்டினால் பழைய வேகம். வீடியோவை நிறுத்திவிட்டு ஆங்கில 'ஈ' விசையைத் தட்டத் தட்ட, படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். தொழில் கற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஒன்று மட்டும் கவனம். வி.எல்.சி.யை வெளியிடும் வீடியோலான் தளம் 2022-ல் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு சட்ட உதவி செய்ய, அந்த நவம்பரில் தடை நீங்கியது. இப்போது அங்கிருந்தே நேராக எடுக்கலாம். யாரோ பென் டிரைவில் தரும் காப்பியைப் போடாதீர்கள்.