பழைய பிக்கப்பின் மூக்கைத் தூக்குமுன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் விற்ற சிறிய பிக்கப்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டொயோட்டா பிக்கப், நிசான் ஹார்ட்பாடி, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரோலெட் எஸ்-10 என்று வரிசை நீளும். இவற்றில் டூ-வீல்-டிரைவ் வண்டிகளுக்கு மூக்கு தாழ்ந்தே இருக்கும். அதனால் வாங்கிய கையோடு முன்பக்கத்தைத் தூக்கப் பார்ப்பவர்கள் பலர். அந்த வேலையைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் சில டயரைத் தின்றுவிடும். சில உயிருக்கே உலை வைக்கும்.

நம்பிக்கை: டார்ஷன் பார் போல்ட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும்.

அதிகம் பரவியதும் அதிகம் தவறானதும் இதுதான். 1984 முதல் 1995 வரை வந்த டூ-வீல்-டிரைவ் டொயோட்டாவில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, ஹார்ட்பாடியிலும் இல்லை. சஸ்பென்ஷன் ஆர்மிலிருந்து டார்ஷன் பார் என்னும் நீளமான எஃகுத் தண்டு ஒன்று பின்னோக்கி ஓடி, கேபினுக்கு அடியில் சேஸிஸில் முடிகிறது. சக்கரம் மேலே எழும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும். அதன் பின்முனையில் இருக்கும் போல்ட்டை இறுக்கினால் வண்டி உயரும். ஆனால் தண்டின் விறைப்பைத் தீர்மானிப்பவை அதன் தடிமன், நீளம், எஃகின் தன்மை. போல்ட்டால் இவற்றில் ஒன்றையும் மாற்ற முடியாது. வண்டியின் எடையும் கூடவில்லை. ஆகவே நிற்கும்போது தண்டு ஏற்கும் முறுக்கும் ஏறத்தாழ முன்பிருந்ததுதான்.

பிறகு ஏன் தூக்கிய வண்டி குதிக்கிறது? சக்கரத்துக்கு மேட்டில் எழவும் இடம் வேண்டும், பள்ளத்தில் இறங்கவும் இடம் வேண்டும். 2 அங்குலம் தூக்கினால் எழும் இடம் கூடுகிறது. இறங்கும் இடம் அதே அளவு குறைகிறது. சின்னப் பள்ளத்திலேயே ஆர்ம் தன் எல்லையைத் தொட்டு ரப்பர் தடுப்பில் இடிக்கிறது. ஸ்டியரிங்கில் கைக்குத் தெரிவது அந்த அடி. வண்டி தரையில் நிற்கும்போதே, சக்கரம் இறங்குவதைத் தடுக்கும் ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் போல்ட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: அலைன்மென்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உயரம் மாறினால் ஆர்ம்களின் சாய்வு மாறும். கூடவே கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) விலகும். ரேஞ்சரில் இது கண்ணுக்கே தெரியும். 1997 வரை டூ-வீல்-டிரைவ் ரேஞ்சரில் இருந்தது, ஃபோர்டு 1965இல் எஃப்-100இல் கொண்டுவந்த இரட்டை ஐ-பீம் ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு நீண்ட பீம் தாங்கும். பீமின் மறுமுனை வண்டியின் எதிர்ப்பக்கத்தில் மாட்டியிருக்கும். உயரமான ஸ்பிரிங்கை மட்டும் போட்டால் பீம் கீழ்நோக்கிச் சாய்ந்து, சக்கரங்களின் தலை வெளியே விரியும். டயரின் வெளி ஓரம் சீக்கிரமே மொட்டையாகிவிடும். பீம் மாட்டியிருக்கும் இடத்தையும் இறக்கும் பிராக்கெட் போடாவிட்டால், அலைன்மென்ட் கடைக்காரர் ஓரளவுக்குமேல் எதுவும் செய்ய முடியாது.

நம்பிக்கை: எதைப் போட்டுத் தூக்கினாலும் ஒன்றுதான்.

டூ-வீல்-டிரைவ் எஸ்-10இல் சுருள் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தாலும் இறங்கும் இடம் அதேபோல் போய்விடும். லிஃப்ட் ஸ்பிண்டில் வேறு வகை. அதில் சக்கரம் மாட்டும் அச்சே கீழே தள்ளி அமைந்திருப்பதால், ஆர்ம்கள் பழைய கோணத்திலேயே இருக்க, வண்டி மட்டும் உயரும். செலவு கூடத்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

நம்பிக்கை: தூக்கிவிட்டால் ஃபோர்-வீல்-டிரைவ் மாதிரி காட்டுவழியிலும் போகலாம்.

பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து இருக்கும் உயரத்தைப் பெரிய டயர்தான் கூட்டும். சேற்றில் முன்சக்கரம் இழுக்கப் போவதும் இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். காலி பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்திருப்பது, சுமை ஏற்றினால் வண்டி மட்டமாக நிற்பதற்காக. முன்பக்கத்தைத் தூக்கியபின் சுமை ஏற்றினால் மூக்கு மேலே போகும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

அதற்காக டூ-வீல்-டிரைவ் மண்ணுக்கே லாயக்கில்லை என்பதும் தவறு. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா பாலைவனத்தில் 1967இல் தொடங்கிய பாஹா 1000 பந்தயத்தில், பின்சக்கர இழுவை மட்டுமே கொண்ட டிரக்குகள் பல்லாண்டு கோலோச்சின. அவற்றின் பலம் சக்கரம் ஏறி இறங்கும் நெடிய தூரம். 1998இல் டொயோட்டா வெளியிட்ட டகோமா பிரீரன்னரும் டூ-வீல்-டிரைவ்தான். ஆனால் ஃபோர்-வீல்-டிரைவ் வண்டியின் சேஸிஸும் சஸ்பென்ஷனும் அதற்கு வந்தன.

வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டார்ஷன் பார் உங்கள் வண்டியின் பாரத்தையே சுமந்து முறுக்கிக்கொண்டிருக்கும் எஃகு. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, பாரம் குறைந்த பிறகே போல்ட்டைத் தொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இறக்கிய வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, அது அமர்ந்த பிறகு அளந்து பாருங்கள். அங்கிருந்து நேரே அலைன்மென்ட் கடைக்குப் போங்கள்.