பசுந்தேயிலையும் கொரோனா ஆய்வும்

தேயிலைச் செடி ஒன்றே. கொழுந்தைப் பதப்படுத்தும் முறையே தேயிலையின் வகையை முடிவு செய்கிறது. கொழுந்தை வாட்டி, உருட்டி, ஆக்சிஜனேற்றம் அடையவிட்டால் கருந்தேயிலை கிடைக்கும். பறித்தவுடன் ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றினால் இலையிலுள்ள நொதிகள் செயலிழந்து, பசுமை மாறாதிருக்கும். இதுவே பசுந்தேயிலை. கேட்டெசின்கள் எனப்படும் வேதிப்பொருள்கள் இதில் பெருமளவு எஞ்சுகின்றன. அவற்றுள் மிகுதியாக இருப்பது எபிகேலோகேட்டெசின் கேலேட்.

வைரசின் கத்தரிக்கோல்

கொரோனா வைரஸ் மனித உயிரணுவுக்குள் நுழைந்ததும் தனக்கு வேண்டிய புரதங்களை நீண்ட சங்கிலியாக உருவாக்கச் செய்கிறது. அச்சங்கிலி உரிய இடங்களில் வெட்டப்பட்டால்தான் புரதங்கள் செயல்படும். வெட்டும் பணியைப் பெரிதும் செய்வது ஒரு நொதி. அதனை வைரசின் கத்தரிக்கோல் எனலாம். அதன் அலகுகளுக்கிடையே வேறொரு பொருள் சிக்கிக்கொண்டால் வெட்டு நிகழாது; வைரஸ் பெருகாது. எபிகேலோகேட்டெசின் கேலேட் இந்நொதியைத் தடுப்பது ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது.

உதகையில் ஓர் ஆய்வு

தேயிலைக்குப் பெயர்பெற்ற நீலகிரியிலும் இத்தகைய ஆய்வு நிகழ்ந்தது. உதகமண்டலம் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் அறிவியலாளர் சுரேஷ் மோகன்குமார் தம் குழுவினருடன் அதனை மேற்கொண்டார். பின்னர் வேல்சிலுள்ள ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிற கொரோனா வைரஸ்களை எதிர்ப்பதாக முன்பே அறியப்பட்ட இயற்கைச் சேர்மங்களை, செயற்கை நுண்ணறிவின் துணையோடு அக்குழுவினர் கணினியில் ஆராய்ந்தனர். பசுந்தேயிலையிலுள்ள கேலோகேட்டெசின் பயன்தரக்கூடும் என்னும் முடிவு 2021இல் வெளியானது. இது தொடக்கநிலை ஆய்வே என்றும் மேலும் சோதனைகள் தேவை என்றும் அவரே எடுத்துரைத்தார்.

கோப்பைக்கும் மருந்துக்கும் இடையே

இத்தகைய செய்தி வாய்வழிப் பரவும்போது, 'தேநீர் பருகினால் கொரோனா வாராது' எனத் திரிந்துவிடக்கூடும். சோதனைக்குழாயில் சேர்மம் நொதியை நேரே சந்திக்கிறது. பருகிய தேநீரிலிருந்தோ மிகச் சிறிதளவே குருதியில் கலக்கிறது. அளவைக் கூட்டினால் போதாதா எனின், அதிலும் இடருண்டு. இச்சேர்மத்தைச் செறிவூட்டிய மாத்திரைகளாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

கணினிக் கணிப்பு, ஆய்வகச் சோதனை, விலங்குகளிடம் சோதனை, மனிதரிடம் சோதனை ஆகிய படிகளைக் கடந்த பின்னரே ஒரு பொருள் மருந்தாகும். காய்ச்சல் கண்டவருக்குத் தேநீர் இதம் தரலாம். தடுப்பூசிக்கும் மருத்துவருக்கும் அது மாற்றாகாது.

தெரிந்து தெளிவோம்

வைரசால் தோன்றும் ஒருவகை மருக்களுக்குப் பசுந்தேயிலைச் சாற்றாலான களிம்பை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் ஏற்றது. மனிதரிடம் முறையாகச் சோதித்த பின்னரே அவ்வொப்புதல் கிடைத்தது.