குளிரில் திணறும் எஞ்சின்

மதுரை மாநகர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், வைகையாற்றின் கரையில் அமைந்துள்ளது. வெயிலின் கடுமையை அந்நகரத்தார் நன்கு அறிவர். குளிரின் கடுமையை அவ்வளவாக அறியார். மார்கழி, தை மாதங்களிலும் அங்கு விடியற்காலை வெப்பம் சுமார் 20 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். ஆனால் அந்நகரினின்று நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர் சென்றால், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலை அடையலாம். உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறைவது இயற்கை. ஆதலின், மதுரையில் மக்கள் மெல்லிய மேலாடையுடன் நடமாடும் அதே வைகறையில், மலைமேல் கம்பளி போர்த்தவரும் நடுங்குவர். சமவெளியில் பழகிய மனிதருக்கு நேர்வதே சமவெளியில் பழகிய எஞ்சினுக்கும் நேரும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்நாட்டுச் சாலைகளில் ஓடிய லாரிகளுள் பெரும்பாலானவை பெட்ரோலால் இயங்கியவை. மலையடிவாரத்து ஊர்களினின்று அரிசியும் பருப்பும் ஏற்றிச் சென்ற லாரி, திரும்பும்பொழுது உருளைக்கிழங்கும் காய்கறியும் பழங்களும் ஏற்றி வரும். பொழுது புலரும் முன்னர்ப் புறப்பட்டால்தான் சரக்கு வாடாமல் சந்தையை அடையும். வைகறையில் எஞ்சின் கிளம்ப மறுத்தால், உழவனின் பல மாத உழைப்பு கூடையிலேயே வாடும். நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டாலோ, ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக உள்ள வளைவில் உயிருக்கே இடையூறு உண்டாகும். ஆதலால், குளிரில் எஞ்சின் திணறுவது ஏன் என்று அறிவது ஓட்டுநர்க்கு வெறும் பொழுதுபோக்கன்று. பிழைப்பும் உயிரும் அதனைச் சார்ந்திருந்தன.

பெட்ரோல் நீர்மமாக இருக்கும்பொழுது நன்கு எரியாது. அது ஆவியாகிக் காற்றுடன் கலந்தபின்னரே எஞ்சினுள் முறையாக எரியும். எடையளவில் 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது ஏறத்தாழப் பொருத்தமான கலவை. இக்கலவையை ஆக்கித் தருவதே கார்புரேட்டர் என்னும் கருவி. பெட்ரோலைக் காற்றில் நுண்துளிகளாகத் தூவும் கார்புரேட்டரை ஜெர்மானியப் பொறிஞரான வில்ஹெல்ம் மேபாக் 1893-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டிலும் பாங்கி, சோங்கா என்னும் இருவர் அத்தகைய கருவியொன்றைச் செய்தனர்.

அதன் அமைப்பு எளியது. ஒரு சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். மிதவையொன்று அதன் மட்டத்தைக் காக்கும்; மட்டம் உயர்ந்தால் ஊசி மேலெழுந்து பெட்ரோல் வரும் வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று இடுங்கிய கழுத்துடைய குழாயின் வழியே விரைந்து செல்லும். விரைவு மிகுந்த இடத்தில் அழுத்தம் குறையும் என்று டேனியல் பெர்னூலி 1738-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் காட்டினார். அவ்விதிப்படி, அழுத்தம் குறைந்த அக்கழுத்தில் ஜெட் என்னும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் பீறிட்டுக் காற்றுடன் கலக்கும்.

இனி, குளிர் செய்யும் தீங்கைக் காண்போம். பெட்ரோல் ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாவனவும் அரிதில் ஆவியாவனவுமாகிய பல நீர்மங்களின் கலவை. கடுங்குளிரில் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே ஆவியாகும். எஞ்சியது துளித்துளியாகக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தினின்று வேண்டிய அளவு பெட்ரோல் வந்தும், எஞ்சினுள் எரிதற்குரிய ஆவி போதாமற் போகும். இக்குறையை நீக்கவே ‘சோக்’ என்னும் தகடு அமைந்தது. ஓட்டுநர் அதனை இழுத்தால் காற்று வரும் வழி குறுகும். பெட்ரோல் மிகுதியாக வரும். அம்மிகுதியுள் ஆவியாகும் சிறு பகுதியே எஞ்சினைக் கிளப்பப் போதுமானதாகும்.

குளிர் எஞ்சினின் பிற உறுப்புகளையும் விடாது. சமவெளி வெயிலுக்கென ஊற்றிய எண்ணெய் குளிரில் தடித்துவிடும். எஞ்சினைச் சுழற்ற மிகுந்த வலிமை வேண்டும். பேட்டரியோ, வலிமை வேண்டிய அந்நேரத்தில்தான் தன் ஆற்றல் குறைந்து நிற்கும். எஞ்சின் மெல்லச் சுழன்றால் இழுக்கும் காற்றின் விரைவும் குறையும். பெட்ரோலும் சரிவரத் தூவப்படாது. இவ்வாறு ஒரு குறை மற்றொரு குறைக்குத் துணையாகும்.

இவற்றினும் வியப்பானது கார்புரேட்டரில் பனிக்கட்டி உறைதல். மண்பானையின் நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பது ஏன்? பானையின் புறத்தே கசியும் நீர், ஆவியாகும்பொழுது வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதனால் அன்றோ? பெட்ரோலும் ஆவியாகும்பொழுது தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தைக் கவர்கிறது. வெளிக் காற்று 10 டிகிரி வெப்பத்தில் இருப்பினும், கார்புரேட்டரின் உட்புறம் நீர் உறையும் நிலைக்கும் கீழே செல்லக்கூடும். மூடுபனி நிறைந்த மலைக்காற்றில் உள்ள நீராவி அங்கே பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். புறப்பட்ட சிறிது நேரத்தில் எஞ்சின் வலிமை குன்றி நிற்கும். ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்து ஆராய்வதற்குள், எஞ்சினின் சூட்டில் அப்பனிக்கட்டி உருகிவிடும். லாரி மீண்டும் ஒன்றும் நேராதது போல ஓடும். தடயத்தை விடாமல் மறையும் கள்வனைப் போன்றது இக்குறை. இதனைத் தடுக்கவே, வெளியேறும் புகையின் சூடு உட்செல்லும் குழாயைத் தொடுமாறு பல எஞ்சின்களை அமைத்தனர். அச்சூட்டை நெறிப்படுத்தும் தகடு துருவேறி இறுகிவிட்டால், குளிரில் எஞ்சின் திணறும்.

உயரமும் ஒரு சிக்கலை விளைக்கும். கொடைக்கானலின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. சமவெளிக்கென அளவிட்ட ஜெட்டோ அங்கும் மிகுதியான பெட்ரோலைத் தரும். குளிர்ந்த எஞ்சின் கூடுதல் பெட்ரோலை வேண்டுகிறது; உயரமோ குறைந்த பெட்ரோலை வேண்டுகிறது. எனவே, எஞ்சின் சூடேறியபின் சோக்கைத் திறவாமல் விட்டால் கரும்புகை கக்கும். பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவி உறுப்புகளைத் தேய்க்கும்.

நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது மருத்துவர்க்கு வள்ளுவர் காட்டிய நெறி. நல்ல பழுதுபார்ப்பவரும் அந்நெறியில் நிற்பர். கண்டவுடன் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்புதல் பேதைமை. முதலில் அவர் பேட்டரியையும் பிளக்கின் தீப்பொறியையும் பார்ப்பார். பிளக்கைக் கழற்றி நோக்கினால் அது பல செய்திகளைக் கூறும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் தீப்பற்றவில்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு என்று கருதலாம். அடுத்து, பெட்ரோலில் நீரோ தூசியோ கலந்துள்ளதா, மிதவையும் ஊசியும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று ஆராய்வார். பின்னர், எஞ்சின் சூடேறியிருக்கும்பொழுது சோக்கைச் சிறிதளவு மூடிப் பார்ப்பார். அதனால் எஞ்சின் சீராக ஓடினால், கலவையில் பெட்ரோல் குறைவு. ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது காஸ்கெட்டின் இடுக்கு வழியே காற்று புகலாம். எஞ்சின் மேலும் திணறினால், பெட்ரோல் முன்னரே மிகுதி என்பது புலனாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணம் எதனால் வந்தது என்பது விளங்காது.

சில வேளைகளில் குறை எஞ்சினில் பிறந்ததன்று, மனிதர் செய்ததாகும். எஞ்சின் தக்க சூட்டை அடையும்வரை நீரோட்டத்தைத் தடுத்து நிற்பது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி. சமவெளியின் வெயிலில் எஞ்சின் கொதிக்குமே என்று அஞ்சி அதனைக் கழற்றி எறிவார் உளர். கோடையில் அதன் குறை தெரியாது. அதே லாரி மலையேறிக் குளிரில் ஒரிரவு நின்றால், மறுநாள் நெடுந்தொலைவு ஓடியும் எஞ்சின் சூடேறாது, பெட்ரோல் வீணாகும், வலிமை குன்றும். ஓரிடத்தில் பயனற்றதெனத் தோன்றுவது மற்றோரிடத்தில் இன்றியமையாததாதல் கூடும்.

அவசரத்தில் அறிவை இழத்தலும் ஆகாது. குளிர்ந்த கார்புரேட்டரின் அருகே தீப்பந்தத்தைக் காட்டுவது லாரியையே கொளுத்துவதாகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உட்செல் குழாயின்மேல் சுற்றுவதே தீங்கற்ற வழி. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் கேடு தரும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரைக் கவரும்.

மோட்டார்த் தொழிலில் மதுரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. தி. வே. சுந்தரம் ஐயங்கார் 1911-ஆம் ஆண்டில் அந்நகரில் தொடங்கிய நிறுவனம், தென்னாட்டின் பேருந்துப் போக்குவரத்திற்கு வழிகாட்டியாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையில் வண்டிகளை ஓட்டுதற்கென எரிவாயு உண்டாக்கும் கருவியொன்றை அந்நிறுவனத்தார் உருவாக்கினர். கரியைக் குறைந்த காற்றில் எரித்து அதனின்று எரிவாயுவைப் பெறுவது இவ்வகைக் கருவிகளின் முறை. எஞ்சினுக்கு வேண்டுவது பெட்ரோல் என்னும் பெயரன்று. காற்றுடன் தக்க அளவில் கலந்து எரியும் ஆவியே என்னும் உண்மையை உணர்ந்தவர்க்கே அம்முயற்சி கைகூடும்.

இன்று லாரிகள் பெரும்பாலும் டீசலால் ஓடுகின்றன. டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இல்லை. கார்களிலும் 2020-ஆம் ஆண்டிற்குப் பின் வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும் காற்றின் வெப்பத்தை அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணுக் கருவிகள் அமைந்துள்ளன. ஓட்டுநர் கையால் செய்ததை அவை தாமே செய்கின்றன. எனினும் இயற்கையின் விதிகள் மாறவில்லை. பழைய மோட்டார் சைக்கிளின் சோக்கை இழுக்கும் இளைஞன், அச்சிறு செயலின் பின்னே ஆவியாதலும் அழுத்தமும் வெப்பமும் நிற்பதை உணர்வானாயின், பள்ளியில் கற்ற அறிவியல் அவனுக்குப் பயன் தந்ததாகும். கருவிகள் காலந்தோறும் மாறும். காரணத்தைத் தேடிக் காணும் அறிவோ எக்காலத்தும் துணை நிற்கும்.

வினாக்கள்

1. கடுங்குளிரில் வேண்டிய பெட்ரோல் வந்தும் எஞ்சின் கிளம்பாதது ஏன்?
2. மண்பானையின் நீர் குளிர்வதற்கும் கார்புரேட்டரில் பனிக்கட்டி உறைவதற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும் என்பதன் காரணம் யாது?